அலினாவுக்கான ஜெபக் குறிப்பு

அலினா எப்போதிருந்து தன் கைகளின் மேல் உட்கார ஆரம்பித்தாள் என்று அவள் அம்மா சத்தியவதிக்குத் தெரியாது. கண்ணில் பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூனா கேம்ப்பில் இருக்கிற தமிழ்ச் சபைக் கோயிலில் ஆராதனை முடிந்து, விஷ்ராந்த்வாடி வீட்டுக்கு வந்து, கறிக்குழம்பும் சோறும் எடுத்து வைத்தாயிற்று. பத்து வயதுப் பெண் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு, ஆறிப்போகிற தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே பாயில் எட்டு மாதத் தம்பி சுபின் குப்புறக் கிடந்து, அக்காவைப் பார்த்து வாயெல்லாம் எச்சிலாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“கைய எடுத்துச் சாப்பிடுட்டி.”

“சுபினை உள்ள கொண்டு போ மம்மி. அப்றம் சாப்பிடுறேன்.”

பொறாமை என்று சத்தியவதி நினைத்தாள். நினைக்கத்தானே செய்வாள். அலினாவுக்குப் பிறகு அடுத்தது தங்கவே தங்காமல், ஒன்பது வருஷம் அழுது, உபவாசம் இருந்து, கேட்டுப் பெற்ற பிள்ளை சுபின். வீட்டில் எல்லோரும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். மூத்தது முகத்தைத் தூக்குவது சகஜம்தான், போகப் போகச் சரியாகும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடலாம். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் கிடையாது, தேட வேண்டாம். எல்லோரும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறவர்கள். பிள்ளைகள் என்றால் உயிரை விடுகிறவர்கள். இத்தனை நல்லவர்கள் ஒன்று சேர்ந்தால் ஒரு சிறு பிள்ளையை என்ன பாடு படுத்தலாம் என்பதுதான் விஷயம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், “தம்பியக் கொஞ்சம் பிடி, பால் பொங்குது” என்று சத்தியவதி சுபினை நீட்டினாள். அலினா ஓடிப்போய் பாத்ரூமுக்குள் தாழ்போட்டுக்கொண்டாள். சத்தியவதி பாலை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினாள். முதலில் விசும்பல் வந்தது. பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு அலினா பேசினாள்.

“மம்மி, நான் சுபினை பால்கனில இருந்து கீழ போட்டுடுவேனோன்னு மண்டைக்குள்ள வருது.”

“யாருட்டி அப்படிச் சொன்னா?”

“யாரும் சொல்லல. தானா வருது. போன்னு சொன்னா போமாட்டேங்குது. ஸ்கூல்லயும் வருது. அவன் கீழ விழுற மாதிரி... மம்மி, நான் பண்ண மாட்டேன் நா? ப்ராமிஸ் பண்ணு, நான் பண்ண மாட்டேன் நா? மாட்டேன்தானே?”

கதவு திறந்ததும் சத்தியவதி கட்டிப்பிடித்திருக்கலாம். அவள் செய்தது, பிள்ளையின் வாயைப் பொத்தியது. உள்ளங்கையில் பல் பதியும் அளவுக்கு அழுத்திப் பொத்தினாள். “வாயால சொல்லாதட்டி. அது சாத்தான் குடுக்குற நினைப்பு. சொன்னா பலிச்சிரும்.” சொல்லிவிட்டு நேராகப் போய் பால்கனிக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது மாடி. அவள் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்ததை அலினாவும் பார்த்தாள்.

அப்பா சுவிசேஷமுத்து ராணுவக் கணக்கு ஆபீசில் வேலை பார்க்கிறவர். கணக்குக்கு வராத எதுவும் அவருக்குப் பிடிபடாது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “போன்ல என்னத்தையாவது பாத்திருப்பா. போனைப் பிடுங்கு, எல்லாம் சரியாப் போவும்” என்றார். போனைப் பிடுங்கினார்கள். நினைப்புக்குப் போன் தேவைப்படவில்லை.

சத்தியவதி தனக்குத் தெரிந்த மருந்தைக் கொடுத்தாள். “அந்த நினைப்பு வந்த உடனே ‘இயேசுவின் இரத்தம் ஜெயம்’னு சொல்லு. ஓடிரும்.” பயந்த நேரத்தில் அவள் வீட்டில் எல்லோரும் சொல்லுகிற வார்த்தைதான். இருட்டில் நடக்கும்போதும், விமானம் குலுங்கும்போதும் அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் அலினா அதைச் சொல்ல ஆரம்பித்தாள் பாருங்கள், நிறுத்த முடியவில்லை. வேகமாகச் சொல்லிவிட்டால் செல்லாது, திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லும்போது சுபின் இருமிவிட்டால் செல்லாது. கொட்டாவி வந்தால் செல்லாது. பல் தேய்க்கும்போது நுரையோடு சொன்னாள். கணக்குப் பரீட்சையில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். உதடு காய்ந்து வெடித்து, ஓரத்தில் ரத்தம் கட்டியது. நடுவில் அம்மாவிடம் ஓடிவந்து, “நான் பண்ண மாட்டேன் நா?” என்பாள். “மாட்டட்டி, மாட்ட” என்று சத்தியவதி சொல்லுவாள். காபி ஆறுவதற்குள் மறுபடி வந்து நிற்பாள்.

அப்போதுதான் சத்தியவதி அந்தக் காரியத்தைச் செய்தாள்.

பூனாவில் காலங்காலமாக இருக்கிற தமிழ்ச் சபைக் குடும்பங்களில் ஒரு வழக்கம். மனசில் பாரம் இருந்தால் அதை ஜெபக் குறிப்பாகக் கொடுத்துவிட வேண்டும். முழங்கால் ஆபரேஷன், ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில் மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், மருமகளின் வாய்த்துடுக்கு, எல்லாம் குறிப்புதான். முன்பெல்லாம் சீட்டில் எழுதிப் போதகர் கையில் கொடுப்பார்கள். இப்போது வாட்ஸ்அப். காய்ச்சல் வந்தால் மாத்திரைக்கு முந்திக் குறிப்பு போகும். கொடுக்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டால், விசுவாசம் போதாது என்று அர்த்தம். சத்தியவதியோ சபைப் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். அவளே கொடுக்காவிட்டால் எப்படி?

“எங்கள் மகள் அலினாவுக்குத் தம்பியைக் குறித்து வருகிற பொல்லாத எண்ணங்கள் நீங்கும்படி பாரத்தோடு ஜெபியுங்கள்” என்று எழுதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அனுப்பினாள். கூப்பிய கைகள் மளமளவென்று வந்து விழுந்தன. ஆமென், ஆமென். சத்தியவதிக்கு நெஞ்சு லேசானது. மகளின் ரகசியத்தை ஊரெல்லாம் தமுக்கடித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

குறிப்பு கால் முளைத்து நடந்தது. பூனாவிலிருந்து பாளையங்கோட்டை, அங்கிருந்து நாசரேத், அங்கிருந்து துபாய். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி உப்பும் காரமும் சேர்ந்தது. சத்தியவதிக்கே அது சுற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது, “வடநாட்டில் பச்சிளம் தம்பியைக் கொல்லத் துடிக்கும் சிறுமிக்காகத் திறப்பின் வாசலில் நின்று மன்றாடுங்கள்” என்று இருந்தது. கீழே கூப்பிய கைகள். அது தன் மகள்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்த ஞாயிறு கோயிலில், அலினா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாய் தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெல்ல முன்பெஞ்சுக்கு மாறினாள். போகும்போது அலினாவைப் பார்த்து இனிமையாகச் சிரித்துவிட்டுத்தான் போனாள். ஆராதனை முடிந்ததும் ஐக்கியத்துப் பெண்கள் வேப்பமரத்தடியில் அலினாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒரு கனத்த அம்மாள் பிள்ளையின் உச்சியில் கையை வைத்து அழுத்தி, “வெளிய வா! சொல்லுதேன்லா, இந்தப் பிள்ளைய விட்டு வெளிய வா!” என்று ஓங்கிக் கத்தினாள். அழுத்திய அழுத்தில் அலினாவின் கழுத்து மடங்கித் தாடை நெஞ்சில் இடித்தது. சத்தியவதி பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நீண்ட ஜெபம்.

ஆட்டோவில் வரும்போது அலினா கேட்டாள். “மம்மி, ஆன்ட்டி யாரை வெளிய வரச் சொன்னாங்க?”

“ஒண்ணுமில்லட்டி.”

“உள்ள யாரு இருக்கா?”

சத்தியவதி ரோட்டைப் பார்த்தாள். அன்றிலிருந்து அலினா கண்ணாடி முன் தலை வாரிக்கொள்ள மாட்டேன் என்றாள்.

வழி காட்டியது ஜமீலா. சத்தியவதி கணக்கு எடுக்கிற கேம்ப் பள்ளியில் இந்தி எடுக்கிற டீச்சர். ஸ்டாஃப் ரூமில் சத்தியவதி விடைத்தாளை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, “என் அக்கா பையன் கை கழுவிக் கழுவித் தோலே உரிஞ்சுபோச்சு. இது பேய் இல்ல டீச்சர், வியாதி. டாக்டர் இருக்காங்க” என்று இந்தியில் சொல்லி, கையோடு போன் போட்டு நேரமும் வாங்கிக் கொடுத்தாள்.

டாக்டர் தீப்தி சின்ன உருவம். பேக்கரிக்கு மேல் மாடியில் ஒரு அறை, பிஸ்கட் வேகிற வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. அவள் அலினாவை எதிரே உட்காரவைத்து, இந்தியும் இங்கிலீஷுமாகப் பேசினாள். அதிர்ச்சி அடையவில்லை, உச்சுக்கொட்டவும் இல்லை.

“தம்பியைக் கீழே போடணும்னு ஆசையா இருக்கா, பயமா இருக்கா?”

“பயம்.”

“ஆசை இருக்கிறவங்க கையை ஒளிச்சு வைக்க மாட்டாங்க. நீ அவன் மேல உயிரையே வச்சிருக்க, அதனாலதான் இந்த நினைப்பு அவன்மேலயே வந்து ஒட்டிக்கிச்சு. உங்க வீட்டு வாசல்ல ஆலந்தி ரோடு. நாள் பூரா ஹார்ன் அடிக்குது. ஒவ்வொரு ஹார்னுக்கும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து யாருன்னு பாப்பியா?”

அலினா இல்லை என்று தலையாட்டினாள்.

“இதுவும் ஹார்ன்தான். அடிச்சிட்டுப் போகட்டும். பதில் சொல்ல வேண்டாம், விரட்டவும் வேண்டாம்.” பிறகு சத்தியவதியிடம் திரும்பினாள். “‘பண்ண மாட்டேன் நா’ன்னு கேட்டா நீங்க பதில் சொல்லக் கூடாது. பையனை அவகிட்ட இருந்து தூக்கிட்டுப் போகக் கூடாது. ஜெபம் பண்ணுங்க, நான் குறுக்க வரல. ஆனா அதைத் தாயத்து மாதிரி பயத்துக்குக் கட்டாதீங்க.”

சத்தியவதி தலையாட்டிக்கொண்டே வந்தாள். இதுவரை எல்லாம் சரி.

“அலினா, இந்தக் குப்பை எல்லார் மண்டைக்குள்ளயும் வரும். எனக்கு வரும். கார் ஓட்டும்போது, இப்படியே டிவைடர்ல ஏத்தினா என்னன்னு வரும். வந்துட்டுப் போயிடும். மம்மிக்கும் வந்திருக்கும். சொல்லுங்க மேடம்.”

அலினா சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள். வெடித்த உதடு லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு ஏக்கம்.

சத்தியவதிக்கு வந்திருக்கிறது. இதே அலினா மூன்று மாதக் குழந்தையாக மடியில் கிடந்தபோது, காய் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்குக் கத்தியைப் பார்த்ததும் ஒரு நினைப்பு வந்தது. கத்தியைத் தொட்டியில் வீசிவிட்டாள், அன்று முழுக்க அதைக் கையால் தொடவில்லை. புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. கணக்கு டீச்சர், ஐக்கியத்தின் செயலாளர், கூட்டத்தில் எழுந்து ஜெபித்தால் நாலு பேர் கண்கலங்குகிற சத்தியவதிக்கு அப்படி ஒரு நினைப்பு வந்தது என்று எப்படிச் சொல்வாள்?

“இல்ல,” என்றாள். “எனக்கு அப்படியெல்லாம் வந்ததில்ல.”

அலினா திரும்பிக்கொண்டாள். வெளியே வரும்போது டாக்டர் சத்தியவதியை மட்டும் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். “உலகத்துலயே தனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சுட்டிருக்கா மேடம். அடுத்த தடவை எனக்கும் வந்திருக்குன்னு பொய்யாவது சொல்லுங்க.” சத்தியவதிக்குச் சுருக்கென்றது.

ஆனாலும் டாக்டர் சொன்னதை அவள் ஒழுங்காகச் செய்தாள், அதைச் சொல்ல வேண்டும். அலினா முதலில் சுபின் இருக்கிற அறையில் சும்மா உட்கார்ந்தாள். பிறகு கால்மாட்டில். பிறகு பால்புட்டியைப் பிடித்தாள். புட்டி காலியாகும் வரை விடவில்லை. “நான் பண்ண மாட்டேன் நா?” என்று கேட்டபோது சத்தியவதி பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். முதலில் அலறல், கதவை உதைத்தல். அப்புறம் முனகல். மழை விட்டு வெயில் வந்தபோது அலினா ஹார்ன்களைத் தரம் பிரிக்க ஆரம்பித்திருந்தாள். “மம்மி, இன்னிக்கு ஆக்டிவா ஹார்ன்தான்.” “மம்மி, காலைல பி.எம்.டி. பஸ் வந்துச்சு, அரே பாப்ரே, எவ்ளோ சவுண்டு. போயிடுச்சு.” ஒருநாள் சுபினைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி, ஒவ்வொரு பொருளுக்கும் மராத்தியில் பெயர் சொல்லிக் கொடுத்தாள். உதட்டுப் புண் ஆறியது.

கடைசிப் படி பால்கனி. கதவைத் திறந்து வைத்து, பால்கனித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சுபினை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தினமும். ஒருநாளும் விடக் கூடாது, விட்டால் பயம் திரும்ப ஏறிக்கொள்ளும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். முதல்நாள் அலினாவுக்கு வேர்த்துக் கொட்டியது. அடுத்த வாரம் அங்கே உட்கார்ந்தே அவனுக்குப் பாட்டுப் பாடினாள். சுவிசேஷமுத்து ஆபீஸ் விட்டு வருமுன் முடித்துவிடுவார்கள், பால்கனி விஷயம் அவருக்குத் தெரியாது.

சுபினின் ஞானஸ்நானத்துக்குப் பாளையங்கோட்டையிலிருந்து சுவிசேஷமுத்துவின் அக்கா புஷ்பலீலா வந்து இறங்கினாள். தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், ஒரு மகளிர் விடுதியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறவள். அந்த வீட்டில் அவள் வாக்குக்கு மறுவாக்கு கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றுமுன் சுபினை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அலினா “ஸ்தோத்திரம் அத்தை” என்றதற்கு, தூரத்திலிருந்தே தலையை ஆட்டினாள்.

“டாக்டர் சரியாக்கிட்டாங்க மைனி. இப்ப அவதான் அவனைத் தூக்கி வச்சுக்கிடுதா” என்று சத்தியவதி சொன்னாள்.

“இது மாத்திரை தின்னு போற காரியமா சத்தியவதி? ஊரே ஜெபிச்சுக்கிட்டு இருக்கு, நீ வந்து டாக்டர்னு சொல்லுத. பதுங்கி இருக்கும்மா. எப்ப பாயும்னு சொல்ல முடியாது.” ராத்திரி சுபினைத் தன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள். சத்தியவதி அவனுடைய போர்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மைனியிடம் யார் மறுத்துப் பேசுவது?

ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் வீட்டில் சாப்பாடு. போதகர், ஐக்கியத்துப் பெண்கள், ஆபீஸ்காரர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. அலினா புதுக் கவுனோடு அடுப்படிக்கு வந்து அம்மாவின் சேலையை இழுத்தாள்.

“மம்மி, பால்கனி ப்ராக்டிஸ் இன்னிக்கு லீவா?”

சத்தியவதி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. மகள் தானாகவே வந்து கேட்கிறாளே என்று சந்தோஷமாகவும் இருந்தது. “லீவு கிடையாது. வா, நான் பக்கத்துல இருக்கேன்.”

தூங்கி எழுந்த சுபினை வாங்கி வந்து கொடுத்தாள். அலினா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவனை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் சடையைப் பிடித்து வாயில் வைத்தான். “ஹார்ன் வருதா?” என்று சத்தியவதி கேட்டாள். “சைக்கிள் பெல்” என்று அலினா சிரித்தாள்.

உள்ளேயிருந்து சுவிசேஷமுத்து, “சத்யா, தயிர்ப் பச்சடி எங்க இருக்கு?” என்றார். “இப்ப வந்திருதேன்ட்டி, அப்படியே இரு” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். திரும்பிப் பார்க்காமல் போனாள். இத்தனை மாதத்தில் அதுதான் முதல் தடவை.

பச்சடிச் சட்டியை எடுத்துக்கொண்டிருந்தபோது அலறல் கேட்டது.

“ஐயோ, பிள்ளைய பால்கனிக்குக் கொண்டு போயிட்டாளே! ஓடியாங்களேன்!”

கூடத்திலிருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடினார்கள். புஷ்பலீலா அதற்குள் அலினாவின் மடியிலிருந்து சுபினைப் பிய்த்து எடுத்திருந்தாள். அலினா பயத்தில் விடாமல் பிடித்திருக்கிறாள். இழுத்த இழுப்பில் குழந்தையின் புருவத்துக்கு மேல் ஒரு கீறல், ரத்தம் முத்துக்கட்டி நின்றது. சுபின் வீறிட்டு அழுதான்.

“பாருங்க போதகரே, பச்சப் பிள்ளையக் கீறிட்டா! நான் ஒரு நிமிஷம் பிந்தியிருந்தா கீழ கிடந்திருப்பான்!”

கீறியது புஷ்பலீலாவின் வளையல். அதன் பூட்டில் ரத்தம் தெரிந்தது. அது அவளுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். வேறு யாரும் வளையலைப் பார்க்கவில்லை, எல்லோரும் அலினாவின் நகங்களைப் பார்த்தார்கள். சத்தியவதி வளையலைப் பார்த்தாள்.

“நான் ஒண்ணும் பண்ணல! மம்மிதான் உக்காரச் சொன்னா! மம்மி, சொல்லு மம்மி!”

எல்லாத் தலையும் சத்தியவதி பக்கம் திரும்பியது. கனத்த அம்மாள், முன்பெஞ்சுக்கு மாறிய தாய், போதகர், எச்சில் கையோடு நின்ற புருஷன்.

“நீயா சத்யா இவள இங்க உக்கார வச்ச? தெரிஞ்சேவா?” என்று சுவிசேஷமுத்து கேட்டார்.

கையில் பச்சடிச் சட்டி. ஆமாம் என்று ஒரு வார்த்தை. பெற்ற மகனை அந்தப் பிள்ளையிடம் கொடுத்து பால்கனியில் விட்டுவிட்டுப் போன தாய் என்று இந்த இருபது முப்பது பேரும் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மகள் அதை எத்தனை ஞாயிறாகச் சுமந்திருக்கிறாள்.

“நான் அடுப்படியில இருந்தேன்,” என்றாள்.

பொய் இல்லை. அடுப்படியில்தான் இருந்தாள்.

அலினா அழுவதை நிறுத்திவிட்டாள். அம்மாவையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, கைகளை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து யாரோ, “பாவம், பிள்ளைக்கே தெரியுது” என்று பரிதாபப்பட்டார்கள்.

அன்று சாயங்காலமே முடிவாகிவிட்டது. பாளையங்கோட்டையில் புஷ்பலீலாவின் விடுதி. வார்டன் நன்றாக ஜெபிக்கிறவள், சுற்றிலும் கைக்குழந்தைகள் கிடையாது. “பிள்ளையத் தள்ளி வைக்கலம்மா, ரெண்டு பிள்ளைகளையும் காப்பாத்துதோம்” என்று புஷ்பலீலா சொன்னாள், கண்ணில் உண்மையாகவே தண்ணீர் நின்றது. டாக்டர் தீப்தி போன் பண்ணினாள். திரையில் பெயர் ஒளிர்ந்து அணைவதைச் சத்தியவதி பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் ஜமீலா கையைப் பிடித்துக்கொண்டு, “அனுப்பாதீங்க டீச்சர், குணமாகிட்டு வந்த பிள்ளை” என்றாள். சத்தியவதி கையை உருவிக்கொண்டாள்.

மாற்றுச் சான்றிதழ் வாங்க அலைந்த நாட்களில் ஒரு காலை. சுபினை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் பால்கனிக் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். கீழே ஒரு லாரி ஹார்ன் அடித்தது. எட்டிப் பார்த்தாள். பார்த்த கணத்தில் அது வந்தது, முழுசாக, படத்தோடு. இடுப்பிலிருந்து பிள்ளையை எடுத்து, கையை நீட்டி, விட்டுவிட்டால்?

ஈரத் துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கதவைத் தாழிட்டாள். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள், மறுபடி இழுத்துப் பார்த்தாள். வாய் தானாக, இரத்தம் ஜெயம், இரத்தம் ஜெயம் என்றது. அது என்ன என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தன் மகளுக்கு வந்தது எதுவோ அது. ஒன்றுமே இல்லாத வெறும் ஹார்ன். தெரிந்தும் அன்று முழுக்க அந்தக் கதவைத் திறக்கவில்லை. மறுநாளும் வந்தது. குளிப்பாட்டும்போது வந்தது. ஜெபக் குறிப்பு கொடுக்கிற வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தாள். ஒரு பெண்மணி தன் கழுத்துவலிக்கு ஜெபிக்கக் கேட்டிருந்தாள். சத்தியவதி கூப்பிய கைகளைப் போட்டுவிட்டு மூடினாள்.

சென்னை எக்ஸ்பிரஸ் சாயங்காலம் பூனா ஸ்டேஷனுக்கு வரும். சென்னையில் மாறிப் பாளையங்கோட்டை போக வேண்டும். பிளாட்பாரத்தில் சுவிசேஷமுத்து பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பலீலா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள். சத்தியவதியின் இடுப்பில் சுபின், புருவத்தில் கீறல் ஆறி வெள்ளைக் கோடாகியிருந்தது. அலினா பையை மாட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள். இந்த ஒரு மாதமாக அவள் தம்பியின் பக்கம் வருவதில்லை. யாரும் சொல்லவில்லை, அவளே வருவதில்லை.

தூரத்தில் எஞ்சின் தெரிந்தது. தண்டவாளம் அதிர ஆரம்பித்தது. சத்தியவதிக்கு வந்துவிட்டது. சட்டென்று பின்வாங்கி, தூணில் முதுகு இடிக்கும் வரை போனாள். சுபினை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டாள், அவன் சிணுங்கினான். உதடு வேகவேகமாக அசைந்தது. பாதியில் ஹார்ன் அடிக்கவும், முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கண்ணைத் திறந்தபோது அலினா எதிரே நின்றாள். அம்மாவின் உதட்டையும், பிள்ளையைப் பிடித்திருந்த விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடியை அவளுக்குத் தெரியாதா? அவள் முகம் மெல்ல மாறியது. ஒரு மாதமாகச் செத்துக் கிடந்த முகத்தில் வெளிச்சம் வந்தது. கிட்டே வந்து, யாருக்கும் கேட்காமல், ஆசையாகக் கேட்டாள்.

“மம்மி, உனக்கும் வருதா?”

ரயில் பிளாட்பாரத்துக்குள் நுழைந்தது. சத்தம் காதைப் பிளந்தது, என்ன சொன்னாலும் அலினாவைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது.

“உனக்கும் வருது நா? சொல்லு மம்மி. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். அது ஒண்ணும் பண்ணாது மம்மி, ஹார்ன்தான்.”

சத்தியவதி வாயைத் திறந்தாள். அலினாவின் தோளுக்கு மேலே, தண்ணீர் பாட்டிலோடு புஷ்பலீலா வருவது தெரிந்தது.

“இல்லட்டி,” என்றாள். “எனக்கு என்ன வரப்போவுது.”

அலினா தலையாட்டினாள். “ஓகே” என்றாள். அத்தையின் பின்னால் பெட்டியில் ஏறினாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. ரயில் அசைந்தபோது, “தம்பிக்கு டாட்டா காட்டு மக்கா” என்று புஷ்பலீலா உள்ளேயிருந்து சொல்வது கேட்டது. சத்தியவதி சுபினின் கையைப் பிடித்து ஆட்டினாள். அலினா அவர்களைப் பார்த்தபடியே இருந்தாள். டாட்டா காட்டவில்லை. அவள் கைகள் இரண்டும் தொடைக்கு அடியில் இருந்தன.